முதலாமவரும் நானூறு பேரும்: ஆர்தர் மிட்செலின் நடன வகுப்பு

பாலே அரண்மனையில் வளர்ந்த ஆட்டம். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி தானே மேடையேறி ஆடியவன். 1661-ல் நடனத்துக்கென்று ஓர் அகாதெமியையும் நிறுவினான். அரசன் முன்னால் முதுகை எப்படி நிமிர்த்துவது, பாதத்தை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்கிற சபை ஒழுங்குதான் இன்றைக்கும் அதன் இலக்கணமாக இருக்கிறது. பிறகு ரஷ்ய ஜார்களின் செல்வத்தில் அது கொழுத்தது, அமெரிக்கக் கனவான்களின் நன்கொடையில் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தது. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இதை எதுக்குக் கத்துக்கணும்? ஜாஸ் இருக்கிறது, மேளம் இருக்கிறது, தங்களுக்கென்று உடல்மொழி இருக்கிறது. எஜமானனின் ஆட்டத்தை ஆடிக் காட்டினால் எஜமானன் கைதட்டுவான், வேறென்ன?

1960களின் கடைசியில், கறுப்பு அதிகாரம் என்ற முழக்கம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஹார்லெமில் ஒரு பாலே பள்ளி திறக்கப்பட்டபோது எழுந்த கேள்வி இது. லேசில் தள்ளிவிடக்கூடியதல்ல. பள்ளியைத் தொடங்கிய ஆர்தர் மிட்செல் இதற்கு எழுத்தில் பதில் சொன்னதைவிட வகுப்பில் சொன்னதே அதிகம். ஆனால் அவரைப் பற்றிய கதையாடல்கள் எல்லாம் 'முதல் கறுப்பு நடனக்காரர்' என்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. வகுப்பு பின்னுக்குப் போய்விடுகிறது.

மிட்செல் 1934-ல் ஹார்லெமில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் ஒருவர். சின்ன வயதிலேயே ஷூ பாலிஷ் போட்டு, பேப்பர் போட்டு வீட்டைத் தாங்க வேண்டியிருந்தது. அவர் பிறந்த அதே வருஷம்தான் ஜார்ஜ் பாலன்சீனும் லிங்கன் கிர்ஸ்டைனும் 'ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே'யை நியூயார்க்கில் திறந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம், ரஷ்யாவிலிருந்து வெளியேறி ஐரோப்பாவில் இருந்த பாலன்சீனைச் சந்தித்த கிர்ஸ்டைன் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திட்டம் இருக்கிறது: மாணவர்களில் பாதி ஆண், பாதி பெண், பாதி வெள்ளையர், பாதி கறுப்பர். திட்டம் கடிதத்தோடு சரி. பள்ளி திறந்தது, கறுப்புப் பாதி வரவில்லை. மிட்செலுக்கு உதவித்தொகையோடு அங்கே இடம் கிடைத்தது 1952-ல். பதினெட்டு வருஷம்!

1955-ல் அவர் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் சேர்ந்தார். 1957 டிசம்பரில் 'அகோன்' அரங்கேறியது. இசை ஸ்ட்ராவின்ஸ்கி, நடன அமைப்பு பாலன்சீன். கதை கிடையாது, ஜோடனை கிடையாது, பயிற்சி உடையிலேயே ஆட்டம். அதன் மையமான இருவர் ஆட்டத்தை டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளைப் பெண்ணுக்கும் மிட்செலுக்கும் பாலன்சீன் கொடுத்தார். கைகள் பின்னிக்கொள்கின்றன; ஓர் இடத்தில் அவர் தரையில் மல்லாந்து கிடந்தபடி அவளைத் தாங்கிப் பிடிக்கிறார். லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய ராணுவம் துணைக்கு வர வேண்டியிருந்தது அதே வருஷம் செப்டம்பரில். கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வது அப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சட்டப்படி குற்றம். அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் இந்த இருவர் ஆட்டத்தைக் காட்ட 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

துணிச்சல்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'அகோன்' அந்தக் கறுப்புத் தோலைப் பயன்படுத்திய விதம் என்ன? வெளுத்த கைமேல் கறுத்த கை: ஒரு காட்சி முரண். சுற்றியுள்ள எல்லாரும் வெள்ளையாக இருந்தால்தான் அந்த முரண் வேலை செய்யும். மிட்செல் அந்த ஆட்டத்துக்குத் தேவைப்பட்டார். அவரைப் போல இன்னும் இருபது பேர் தேவைப்படவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கை வைத்துக்கொண்டு விதியைக் காப்பாற்றுவது நிறுவனங்களுக்குக் கைவந்த கலை. 1962-ல் அவர் முதன்மை நடனக்காரரானார். ஒரு முக்கியமான அமெரிக்க பாலே குழுவில் முதல் கறுப்பர். நிறுவனத்துக்கும் அது நல்ல சான்றிதழ் ஆச்சு.

பெண்களின் கதை இன்னும் மோசம். ஜேனட் காலின்ஸிடம் முகத்துக்கு வெள்ளைப் பூச்சு போட்டுக்கொண்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள், அவர் மறுத்தார். ரேவன் வில்கின்சன் 1955-ல் ஒரு குழுவில் சேர்ந்து தென்மாநிலங்களுக்குப் போனபோது கு க்ளக்ஸ் க்ளான் மிரட்டல் வந்தது. கடைசியில் ஹாலந்துக்குப் போய் ஆடினார். கறுப்பர் பாதம் தட்டை, இடுப்பு அகலம், பாலேவுக்கு ஒத்துவராது என்று உடற்கூற்றியல் பேசினார்கள். இனவாதம் அறிவியல் வேஷம் கட்டுவது புதுசா என்ன?

1960களின் நடுவிலிருந்து மிட்செல் பிரேசிலில் ஒரு தேசிய பாலே குழுவை அமைக்கும் வேலையில் இருந்தார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். எங்கோ போய் பாலே சொல்லிக்கொடுப்பதற்குப் பதில் பிறந்த இடத்தில் சொல்லிக்கொடுப்பது என்று மிட்செல் முடிவு செய்தார். 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்' 1969-ல் உருவானது. உடன் சேர்ந்தவர் கேரல் ஷூக், வெள்ளையர். கேதரின் டன்ஹாமின் பள்ளியில் கறுப்பு மாணவர்களுக்கு பாலே சொல்லிக்கொடுத்தவர், மிட்செலுக்கே ஆசிரியர். ஆம்ஸ்டர்டாமில் இருந்தவரைக் கூப்பிட்டு வரவழைத்தார்.

வகுப்பு நடந்தது ஒரு பழைய கராஜில். வெயில் காலம், புழுக்கம். கதவைத் திறந்தே வைத்தார்கள். தெருவில் போகிற பிள்ளைகள் எட்டிப்பார்த்தன. முப்பது பேரோடு தொடங்கியது இரண்டே மாதத்தில் நானூறு ஆயிற்று. பையன்கள் டைட்ஸ் போட வெட்கப்பட்டார்கள். சரி, முட்டிக்கு மேல் வெட்டின ஜீன்ஸிலேயே வா என்றார். பியானோ இருந்த இடத்தில் மேளக்காரரை உட்காரவைத்தார். ஆனால் கம்பைப் பிடித்து நின்று முழங்காலை மடக்கி எழும் முதல் பயிற்சியில் ஓர் அங்குலம் கூடத் தளர்த்தவில்லை. உடை மாறலாம், தாளம் மாறலாம், பாதம் திரும்ப வேண்டிய கோணம் மாறாது. பாலே வெள்ளையனின் சொத்தல்ல, கற்றுக்கொண்டவனின் சொத்து என்பதுதான் அவர் நிலைப்பாடு.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஃபோர்டு பவுண்டேஷனிலிருந்தும் வந்தது. 1963-ல் பாலன்சீனின் குழு, பள்ளி உள்ளிட்ட பாலே நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 77 லட்சம் டாலரைக் கொட்டியதும் அதே பவுண்டேஷன்தான். கொதித்துக்கொண்டிருக்கும் தெருவைத் தணிக்க முதலாளியம் போட்ட செலவு என்று இதை வாசிக்கலாம், தவறில்லை. போட்டவன் நோக்கம் ஒன்று, அந்தக் கராஜில் நடந்தது வேறொன்று என்றும் வாசிக்க வேண்டும்.

1971-ல் கூகன்ஹைம் மியூசியத்தில் குழு அரங்கேறியது. பாலன்சீன் தன் நடனங்களை ஆடக் கொடுத்தார், 'அகோன்' உட்பட. எல்லா ஆட்டக்காரர்களும் கறுப்பர். 1957-ன் காட்சி முரண் அங்கே இல்லாமல் போனது. தோல் எதையும் குறிக்கவில்லை. எடை, வேகம், இழுவிசை இவைதான் மேடையில் மிஞ்சின. மிட்செல் தானே அமைத்த 'ரித்மெட்ரான்', 'ஹோல்பெர்க் சூட்' போன்றவற்றைவிட எனக்கு இதுவே அவருடைய பெரிய நடன அமைப்பாகப் படுகிறது. அசைவு எதையும் மாற்றாமலே ஒரு பிரதியின் அர்த்தத்தை மாற்றிவிட்டார்.

அடுத்தது டைட்ஸ். பாலேயில் பெண்கள் போடும் டைட்ஸும் சாட்டின் காலணியும் இளஞ்சிவப்பு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளைத் தோலுக்கு அது தொடர்ச்சி. இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை கால் ஒரே கோடாகத் தெரியும். கறுப்புப் பெண்ணுக்கோ அந்தக் கோடு இடுப்பிலேயே அறுந்துபோகிறது. 1970களின் நடுவில், குழுவில் இருந்த லாஞ்சி ஸ்டீவன்சனின் யோசனையால், அவரவர் தோல் நிறத்திலேயே டைட்ஸும் காலணியும் என்று ஆனது. கடையில் கிடைக்காது. டைட்ஸுக்குச் சாயம் தோய்த்தும், காலணிக்கு முகப்பூச்சைத் தடவியும் நிறத்தைக் கொண்டுவந்தார்கள் அந்தப் பெண்கள். நடன வரலாறுகளில் இந்த உழைப்புக்கு அத்தியாயம் கிடையாது.

1984-ல் 'கிரியோல் ஜிசெல்'. 1841-ல் பாரீஸில் அரங்கேறிய பழைய 'ஜிசெல்' ஓர் ஐரோப்பியக் கிராமத்துப் பெண்ணைப் பிரபு ஏமாற்றும் கதை. அசைவுகளைத் தொடாமல், கதையை அதே காலத்து லூசியானாவுக்கு, விடுதலை பெற்ற கறுப்பர்களின் சமூகத்துக்குக் கொண்டுபோனார் மிட்செல். ஒரு குடும்பம் அடிமைத்தனத்திலிருந்து எத்தனை தலைமுறை விலகியிருக்கிறது என்பதுதான் அங்கே அந்தஸ்தின் அளவுகோல். ஒடுக்கப்பட்டவர்களுக்கு உள்ளேயும் ஏணி இருக்கிறது. மேல்படிக்காரன் கீழ்படிக்காரியை ஏமாற்றுகிறான். சொந்த சனத்தைப் புனிதப்படுத்தாத இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அவரைப் புனிதப்படுத்துவதும் வேண்டாம். வகுப்பில் கடுமையானவர். உடல் எடை, நடை, உடை, பேச்சு எல்லாவற்றிலும் அவர் கண்காணிப்பு இருந்தது. கறுப்புக் குழு ஒரு தப்படி வைத்தால் ஒரு இனமே தப்படி வைத்ததாகச் சொல்வார்கள் என்ற பயத்தின் சுமை ஆட்டக்காரர்களின் முதுகில் ஏறியது. பள்ளியும் பட்டாளமும் சிறையும் உடலைப் பழக்குகிற விதம் ஒன்றே என்று ஃபூக்கோ எழுதியதை பாலே வகுப்பில் பொருத்திப் பார்க்கத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. 1997-ல் அவருடைய ஆட்டக்காரர்களே தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுதலைக்காகத் தொடங்கிய இடத்தில் உழைப்பாளி தன் உரிமையைக் கேட்டால் அது துரோகமா? நம்ம இயக்கங்களிலும் கேட்டுப் பழகிய கேள்விதான்.

2004-ல் 23 லட்சம் டாலர் கடனில் குழு நின்றுபோனது. பள்ளி நிற்கவில்லை. குழு மீண்டும் மேடையேறியது 2012-ல், தொடக்ககால ஆட்டக்காரர்களில் ஒருவரான வர்ஜீனியா ஜான்சனின் தலைமையில்.

2015-ல் மிஸ்டி கோப்லண்ட் 'அமெரிக்கன் பாலே தியேட்டர்' என்ற வேறொரு குழுவின் முதன்மை நடனக்காரி ஆனார். அந்தக் குழுவில் அவர்தான் முதல் கறுப்புப் பெண், உண்மை. ஆனால் பத்திரிகைகள் பேசியதைப் பார்த்தால் பாலேவுக்கே அவர்தான் முதல் என்று தோன்றும். 1975-ல் 'டான்ஸ் மேகசின்' அட்டையில் வந்த லிடியா அபார்க்கா என்ன ஆனார்? அவரும் ஷீலா ரோஹனும் மிட்செலின் அந்தக் கால மாணவிகள் சிலரும் சேர்ந்து, 152-ஆம் தெருவின் பெயரால் ஓர் அமைப்பை 2021-ல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள். வயதான காலத்தில், நாங்கள் ஆடினோம் என்பதை நிரூபிக்கப் பழைய போட்டோக்களையும் நிகழ்ச்சித்தாள்களையும் சேகரிக்கிற வேலை.

மிட்செல் 2018 செப்டம்பர் 19 அன்று இறந்தார். லண்டனின் 'ஃப்ரீட்' கம்பெனி, கறுப்பு, பழுப்புத் தோல்களுக்கு ஏற்ற நிறத்தில் பாலே காலணிகளை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே வருஷம்தான்.