கம்பிக்குள் வழி உண்டா?



ஜொகூர் மாநிலத் தோட்டப்பள்ளி ஒன்றில் நாம் பணியாற்றி வருகிறோம். ஒரு நாள் வகுப்பறையின் மேசை விசிறி சுற்றாமல் நின்றுவிட்டது. அதன் வயரைத் தடவிப் பார்த்தோம். உறையில் ஒரு கீறலும் இல்லை. "வயர் நல்லாத்தான் இருக்கு சார், மோட்டார்தான் போச்சு" என்றான் ஒரு மாணவன். பிளக்கைப் பிடுங்கி, விசிறியின் அடிப்பாகத்தைத் திறந்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒரே கம்பியின் இரு கோடிகளில் வைத்தோம். ஒலி எழவில்லை. உறைக்குள்ளே செம்பு அறுந்திருந்தது. கண் சொன்னது ஒன்று. கருவி சொன்னது வேறொன்று.

கண்ணுக்குப் புலப்படாத அறுதலை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு மனிதன் விடை கண்ட வரலாற்றில் நமது ஜொகூர்க் காட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அதனையே இன்று காண்போம்.

நிலத்தில் கம்பத்தின் மேல் செல்லும் தந்திக் கம்பி அறுந்தால் ஆள் அனுப்பிப் பார்த்துவிடலாம். கடலடிக் கம்பியை யார் போய்ப் பார்ப்பது? மேலும், உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே செம்பைச் சுற்றி நீர் புகாத காப்பு வேண்டும். அக்காப்புப் பொருள் இம்மண்ணில் கிடைத்தது. மலாய்க்காரர்கள் தாபான் என்னும் காட்டு மரத்தின் பாலை இறுக வைத்துப் பாராங்குக் கத்திக்குப் பிடி செய்தனர். சுடுநீரில் இளகி, ஆறினால் கெட்டியாகும் அப்பொருள்தான் கட்டாபெர்ச்சா. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அதன் மாதிரிகளை 1843இல் இலண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். அது சிறந்த மின்காப்பு என்பதை 1848இல் அறிஞர் ஃபாரடே எடுத்துரைத்தார்.

அதன்பின் தேவை பெருகியது. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் இவ்வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆனால் தாபான் மரம் ரப்பர் மரத்தைப் போன்றதன்று. நம் பெற்றோர் 'மரம் வெட்டப் போகிறோம்' என்றால் பால் எடுக்கப் போகிறார்கள் என்று பொருள்; மறுநாளும் அதே மரம் பால் தரும். தாபானில் கீறினால் பால் ஓடாமல் அங்கேயே உறைந்துவிடும். எனவே மரத்தையே அடியோடு சாய்த்துப் பால் எடுத்தனர். காடுகளில் தாபான் அரிதாகியது.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற காப்பையும் முறையாகச் சோதிக்கத் தவறியதால் இழப்பு நேர்ந்தது. 1858இல் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடிக் கம்பி இடப்பட்டது. சில வாரங்களிலேயே அது ஊமையாயிற்று. குறையுள்ள காப்பின்மீது வைட்ஹவுஸ் என்பவர் ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தியது நிலைமையை மேலும் கெடுத்தது. 1859இல் சிங்கப்பூருக்கும் பத்தாவியாவுக்கும் இடையே இடப்பட்ட கம்பியும் அடிக்கடி அறுந்து, கைவிடப்பட்டது.

இத்தோல்விகள் ஒரு பாடம் புகட்டின. சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளக் கூடாது. கம்பி செய்யும்போதும், கப்பலில் ஏற்றும்போதும், கடலில் இறக்கும்போதும் இடைவிடாது சோதிக்க வேண்டும். அதற்கு உதவியது கால்வனோமீட்டர். கம்பியின் மறுகோடியை இணைத்து மின்னோட்டம் செலுத்தினால் முள் அசைய வேண்டும். அசையாவிடில் செம்பு அறுந்துள்ளது. மறுகோடியைத் தனியே விட்டுச் செலுத்தினால் முள் மிகச் சிறிதே அசைய வேண்டும். பெரிதும் அசைந்தால் காப்பு பழுது. ஒரு மைல் கம்பிக்கு எவ்வளவு மின்தடை என்பது தெரிந்திருந்தால், அளவிட்ட தடையைக் கொண்டு பழுது எத்தனை மைலில் உள்ளது என்பதையும் மதிப்பிடலாம். அதற்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு தேவையன்றோ? 1861இல் பிரிட்டனில் அதற்கெனக் குழு அமைந்தது. அப்பணியின் வழி வந்ததே, 1881இல் பாரிஸ் மாநாடு ஏற்ற 'ஓம்' என்னும் அலகு.

1866இல் அட்லாண்டிக் கம்பி நிலைபெற்றது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி வந்தது. கப்பலில் நாட்கணக்கில் வந்த செய்தி விரைவில் கரை சேர்ந்தது.

கடலில் பிறந்த இச்சோதனை பின்னர்க் கைப்பெட்டிக்குள் அடங்கியது. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கடி, பல கருவிகளைச் சுமப்பதில் சலித்து, ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரே கருவியை உருவாக்கினார். 'அவோமீட்டர்' என்ற பெயரில் அது 1923இல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் கையிலுள்ள மல்டிமீட்டர் அதன் வழிவந்ததே.

இதைப் பயன்படுத்தும்போது மூன்று செய்திகளை மாணவர்க்கு நாம் வலியுறுத்துகிறோம். முதலாவது, தொடர்ச்சியைச் சோதிக்கும்போது கருவி தன் சொந்த பேட்டரியிலிருந்தே சிறிது மின்சாரம் அனுப்புகிறது. ஆகவே சோதிக்கும் பொருளில் மின்சாரம் அறவே இருக்கக் கூடாது. இரண்டாவது, முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு ஒலி வருகிறதா எனப் பார்க்க வேண்டும். கருவியே பழுதாக இருக்கலாம். மூன்றாவது, ஒலி வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நம்பிவிடலாகாது. பல இழைகளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் கருவி ஒலிக்கும். ஆனால் அடுப்பையோ இஸ்திரிப் பெட்டியையோ இயக்கும் மின்னோட்டம் பாய்ந்தால் அவ்விழை சூடேறித் தீப்பற்றலாம். 'வழி உண்டா?' என்பதே கருவியின் கேள்வி. 'இவ்வழி பாரம் தாங்குமா?' என்பது நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

அந்த விசிறிக்குப் புதிய வயர் மாற்றினோம். பழைய உறையைக் கீறி, அறுந்த செம்பை மாணவர்களுக்குக் காட்டினோம். மோட்டார்மீது பழி போட்ட அந்தச் சிறுவன் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை நானே சோதிக்கிறேன் சார்" என்றான். அதுவே அன்றைய பாடத்தின் பயன்.