எதை அளந்தனர்? இடுப்பு எலும்பு முறிவுச் சிகிச்சையின் தர அளவீடு: ஒரு வரலாற்று நோக்கு

முதியோரின் இடுப்பு எலும்பு முறிவில் எலும்பைப் பொருத்துவது சிகிச்சையின் ஒரு பகுதியே. நோயாளி பிழைப்பதும் மீண்டும் நடப்பதும் அதன்பின் கிடைக்கும் பராமரிப்பையும் சார்ந்தவை. 1988இல் சுவீடனில் தொடங்கப்பட்ட ‘ரிக்ஸ்ஹெஃப்ட்’ பதிவேடு, நான்கு மாதங்களுக்குப் பின் நோயாளி எங்கு வாழ்கிறார், எவ்வாறு நடக்கிறார் என்பவற்றையும் பதிவு செய்தது.

பிரிட்டனில் எலும்பியல் மருத்துவர்களும் முதியோர்நல மருத்துவர்களும் இணைந்து 2007இல் தேசிய இடுப்பு எலும்பு முறிவுத் தரவுத்தளத்தைத் தொடங்கினர். 2010இல் இங்கிலாந்து இவ்வளவீட்டை நிதியோடு பிணைத்தது. 36 மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை, 72 மணி நேரத்திற்குள் முதியோர்நல மருத்துவரின் மதிப்பீடு முதலிய நெறிகள் அனைத்தும் நிறைவேறிய நோயாளிக்கு மட்டுமே மருத்துவமனை கூடுதல் தொகை பெற்றது.

இங்கிலாந்தில் 30 நாள் இறப்பு விகிதம் 2007இல் 10.9 விழுக்காடாக இருந்து 2011இல் 8.5 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் நிதியூக்கத்தின் விளைவெனக் கொள்ள இயலாது. தரவுத்தளம் அதற்கு மூன்றாண்டுகள் முற்பட்டது. மேலும், தொகைக்குரிய நெறிகள் மருத்துவமனைக்குள் நிகழும் செயல்களையே குறித்தன. நோயாளி வீடு திரும்பினாரா என்னும் வினா அவற்றுள் இடம்பெறவில்லை. எனவே தர அளவீட்டின் வரலாற்றை ஆராய்வோர், எவை பதிவு செய்யப்பட்டன என்பதையும் எவற்றுக்கு மருத்துவமனை பொறுப்பேற்க வைக்கப்பட்டது என்பதையும் வேறுபடுத்திக் காணவேண்டும்.