அழைக்கப்படாத மல்லன்

பாரதப் போரில் இரு தரப்புச் சேனைகளுக்கும் சோறளித்தவன் என்ற பெருமையைச் சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனுக்கு வழங்குகிறது புறநானூற்றின் இரண்டாம் பாட்டு. முரஞ்சியூர் முடிநாகராயர் பாடியதாகக் கொள்ளப்படும் அப்பாட்டின் வரலாற்றுண்மையை ஆராய்ந்தோர் பலர். இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. குருச்சேத்திரம் போன்றதொரு பெருங்களம் பேசப்படுமிடத்துத் தன் நாட்டான் ஒருவனும் அங்கிருந்தான் என்று சொல்லும் வேட்கை தமிழ்ப் புலவனுக்கு இருந்திருக்கிறது. வில்லேந்தி நிற்க இடம் வாய்க்கவில்லை. சோறு படைக்கும் இடமே வாய்த்தது. பிற்காலத்து நாட்டார் கதைப்பாடல்கள் இதனினும் துணிவுடையன. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலை, மதுரையை ஆண்ட அல்லியை அருச்சுனனுக்கு எதிர்நிற்கவைத்து, பின்னர் அவனுக்கே மனைவியாக்கிவிடுகிறது. பவளக்கொடியின் கதையும் அத்தகையதே. வியாசரிடத்தோ வேறெவரிடத்தோ எவரும் இசைவு கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே அக்காலத்தில் எழவில்லை.

தனித்தனிக் கதைகளுக்கு உரிய வீரரை ஒரே களத்தில் இறக்கிப் பொருதவிடும் இவ்வேட்கை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வீடியோ விளையாட்டுத் துறையிலே புதுவடிவம் பெற்றது. 1994இல் யப்பானிய எஸ்.என்.கே. நிறுவனம் தன் இருவேறு சண்டை விளையாட்டுகளின் பாத்திரங்களை ஒன்றுகூட்டி ‘தி கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அங்கு கூடியோர் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகளே. 1996இல் கப்கொம் நிறுவனம் தன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வீரரை அமெரிக்கச் சித்திரக்கதை நாயகரான எக்ஸ்-மென்னுடன் மோதவிட்டபோது, இரு வேறு நிறுவனங்களின் எல்லை முதன்முறையாகப் பெருமளவிற் கடக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிற் கப்கொம்மும் அதன் நேர்ப் போட்டியாளரான எஸ்.என்.கே.யும் ஒரே அரங்கேறின. நிண்டெண்டோவின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ 1999இற் பன்னிருவருடன் தொடங்கி, 2018இல் வெளிவந்து 2021 ஒக்டோபர் வரை விரிவாக்கப்பட்ட ‘அல்டிமேட்’ பதிப்பில் எண்பத்தொன்பது பேர்வரை வளர்ந்தது. இவற்றைக் கூட்டுக்கள விளையாட்டுகள் என வழங்குதல் பொருந்தும்.

இக்களங்களுக்கு யார் அழைக்கப்படுகின்றனர், யார் வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றனர் என்பது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. தென்னாசியாவைச் சேர்ந்த இரு பாத்திரங்களின் வரலாற்றை ஒப்பிட்டு நோக்கின் இது புலனாகும். ஒருவர் தல்சிம், மற்றவர் தாருண் மிஸ்டர்.

தல்சிம் 1991இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் II’ வழியாக அறிமுகமான யோகி. கைகால்களை நீட்டித் தாக்கவும் வாயினின்று நெருப்பு உமிழவும் வல்லவர். யோகத்தை இவ்வாறு காட்டியது குறித்து முகஞ்சுளிப்போர் உளர். அச்சுளிப்பில் நியாயமும் உண்டு. கைநீளும் இந்திய யோகியின் உருவம் 1976இல் வெளியான ‘மாஸ்டர் ஒஃப் தி ஃப்ளையிங் கிலட்டீன்’ என்ற குங்ஃபூ திரைப்படத்திலேயே தோன்றிவிட்டதாகையால், கப்கொம் கண்ட இந்தியா நேரே இந்தியாவிலிருந்து வந்ததன்று. திரைப்படச் சுருளொன்றின் வழியே வந்தது. எவ்வாறாயினும் தல்சிமுக்குக் களங்கள் குறைவுபடவில்லை. 1997இல் மார்வெல் நாயகருடன், 2000இல் எஸ்.என்.கே. வீரருடன், அதே ஆண்டில் ஐம்பத்தாறு பேர் கூடிய ‘மார்வெல் வெர்சஸ் கப்கொம் 2’இல், 2012இல் ‘டெக்கென்’ வீரருடன் என அவர் அழைக்கப்பட்டவண்ணமே இருந்தார்.

தாருண் மிஸ்டரின் வரலாறு இதற்கு நேர்மாறானது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் II’ஐத் திட்டமிட்டவர்களுள் முதன்மையான அகிரா நிஷிதானி பின்னர் கப்கொம்மை விட்டு விலகி அரிக்கா என்ற தம் சொந்த நிறுவனத்தை நிறுவினார். அரிக்கா உருவாக்கிக் கப்கொம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஈஎக்ஸ்’ 1996 இறுதியில் வந்தது. தட்டைச் சித்திரங்களாக இருந்த வீரர் அதிலே முப்பரிமாண உருப்பெற்றனர். கப்கொம்மின் ரியூ, கென், சுன்-லீ முதலானோருடன் அரிக்கா புதிதாகப் படைத்த ஒரு குழுவும் அக்களத்தில் நின்றது. கைரி, ஹொகுட்டோ, எலும்புக்கூட்டு உடையணிந்த ஸ்கலோமேனியா, அராபியச் செல்வரின் மகளான புல்லும் பூர்ணா, அவளுக்கு மெய்க்காவலராக வந்த இந்திய மல்லன் தாருண் மிஸ்டர் என்போர் அக்குழுவிற் சிலர்.

தாருணின் பிடிகளுக்கு இந்திரன், பிரமன், கங்கை ஆகிய பெயர்கள் சூட்டப்பட்டன. எதிரியை நெருங்கிப் பற்றித் தூக்கி நிலத்தில் அறைவதே அவரது முறை. தொலைவில் நின்று எறிபவர்களிடம் அடிவாங்கி அடிவாங்கி அருகணைய வேண்டும். அணைந்தபின் ஓரிரு பிடிகளிற் கணக்குத் தீர்ந்துவிடும். இவ்வகைப் பாத்திரத்தைத் தெரிவோர் எக்காலத்திலும் சிலரே. ஆயினும் தெரிந்தோர் எளிதிற் கைவிடுவதில்லை.

யப்பானியர் மனத்தில் இந்திய மல்லன் என்ற உருவம் வெறுமனே தோன்றிவிடவில்லை. மெய்யான மல்யுத்த வரலாறு அதன் பின்னணியில் உண்டு. பஞ்சாபிற் பிறந்து கனடாவிற் குடியேறிய டைகர் ஜீத் சிங் 1973 முதல் யப்பானிய அரங்குகளில் அந்தோனியோ இனோக்கியின் கொடும்பகைவராக வலம்வந்தவர். தலைப்பாகையும் வாளும் அவரது அடையாளங்கள். 1976 டிசெம்பரில் இனோக்கி கராச்சிக்குச் சென்று, புகழ்பெற்ற போலு குடும்பத்தைச் சேர்ந்த அக்ரம் பகல்வானை எதிர்த்து அவரது கையை முறித்து வென்றதும் அந்நாட்டு இரசிகர் அறிந்த செய்தியே. 1910இல் இலண்டனில் உலகப் புகழ்பெற்ற ஸ்பிஸ்கோவைத் திணறடித்து, 1928இல் பட்டியாலாவில் அவரையே நொடிப்பொழுதில் வீழ்த்திய காமாவின் மரபு அக்குடும்பத்தாருடையது. இத்துணை ஆழமான மரபொன்றின் நிழலாகவே தாருண் திரையில் வந்து நின்றார். யோகியின் நீளும் கைகளோடு ஒப்பிடுகையில் மல்லனின் பிடி மண்ணுக்கு நெருக்கமானது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

அம்பாறைக் கரையோர வாசகருக்கு இப்பாத்திரத்தில் மற்றுமொரு நெருக்கமும் தோன்றக்கூடும். அராபியச் செல்வர் குடும்பத்துப் பெண்ணுக்குக் காவலாகப் பணிபுரியும் தென்னாசியன் என்ற அமைப்பை, பாலமுனையிலும் ஒலுவிலிலும் கல்முனையிலும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. வளைகுடாப் பயணம் தொடாத வீடு இப்பகுதியில் அரிது. யப்பானியப் படைப்பாளர் இதனை எண்ணித்தான் அமைத்தனரென்று கொள்வதற்குச் சான்றில்லை. விளைவு மட்டும் அவ்வாறு அமைந்துவிட்டது.

அவ்வாறாயின் தல்சிம் சென்ற களங்களுக்குத் தாருண் ஏன் செல்லவில்லை? வலிமைக்குறைவு என்றோ இரசிகர் வெறுப்பு என்றோ விடைகூறுவது பொருந்தாது. அரிக்கா படைத்த பாத்திரங்களின் உரிமை அரிக்காவிடமே நின்றுவிட்டது என்பதே முதற் காரணம். விளையாட்டின் பெயர் கப்கொம்மினுடையது, ரியூ கப்கொம்மினுடையவன். தாருணோ அரிக்காவின் சொத்து. இதற்கு வெளிப்படையான சான்று 1998இலேயே கிடைத்தது. ‘ஈஎக்ஸ்’ குழுவைச் சேர்ந்த அலன் ஸ்னைடர், பிளேர் டேம் ஆகிய இருவரும் அரிக்கா உருவாக்கி நம்கோ வெளியிட்ட ‘ஃபைட்டிங் லேயர்’ என்ற விளையாட்டிலே தோன்றினர். நம்கோ ‘டெக்கென்’ விளையாட்டின் தாயகம், கப்கொம்மின் போட்டியாளர். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற பெயர்ப்பலகையின் கீழ்ப் பிறந்த இருவர் எதிர்வீட்டில் விருந்துண்டதைக் கண்டபின் உரிமை யாருடையது என்ற ஐயத்துக்கு இடமில்லை. 2000இல் வெளிவந்த ‘ஈஎக்ஸ் 3’உடன் அத்தொடர் நின்றது. அதன்பின் கப்கொம் நடத்திய கூட்டுக்களங்கள் எதிலும் அரிக்காவின் குழுவினர் இடம்பெறவில்லை.

எனினும் உரிமை மட்டுமே முழுக் காரணம் என்று அமைவது அவசரமாகும். நிண்டெண்டோவின் குத்துச்சண்டை விளையாட்டான ‘பஞ்ச்-அவுட்’ தொடரில் 1984 முதல் இடம்பெறும் கிரேட் டைகர் என்ற பம்பாய் வீரரை இங்கு நினைத்தல் வேண்டும். தலைப்பாகையில் ஒளிரும் மணியை உடைய அவர் முழுக்க முழுக்க நிண்டெண்டோவின் உடைமை. அவரை ‘ஸ்மாஷ்’ களத்துக்கு அழைக்க எவரிடமும் இசைவு பெறவேண்டியதில்லை. ஆயினும் அத்தொடரிலிருந்து 2014இல் வீரனாக அழைக்கப்பட்டவன் லிட்டில் மாக் மட்டுமே. அவனும் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் அழைத்தால் ஓடிவந்து சிறிது உதவிவிட்டு மறையும் துணைவனாகவே நின்றவன். களத்தினுள் இருந்தும் போர்புரியாத அவ்விடம் உதியஞ்சேரலாதனின் சோற்றுப்பந்தியை நினைவூட்டுகிறது. கிரேட் டைகருக்கு அப்பந்தியும் இல்லை.

ஆகவே உரிமைக்கு அப்பால் இருக்கைக் கணக்கு ஒன்றும் உண்டெனக் கொள்ளவேண்டியுள்ளது. கூட்டுக்களம் அமைப்போர் உலகை நாடுகளாகவும் வகைகளாகவும் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை வைப்பது வழக்கம். இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட ஒற்றை இருக்கையில் தல்சிம் அமர்ந்துவிட்டார். மல்லனுக்கென உள்ள இருக்கையில் 1991 முதல் உருசியரான ஸாங்கியெஃப் அமர்ந்திருக்கிறார். இந்தியனும் மல்லனுமான தாருண் இவ்விரு இருக்கைகளுக்கும் நடுவே நிற்கவேண்டியவரானார். அரிக்காவின் குழுவினுள்ளேயும் அவருக்கு முதலிடமில்லை. இரசிகர் அன்பு பெரும்பாலும் ஸ்கலோமேனியாவையே சூழ்ந்திருக்கிறது. அக்குழுவிலிருந்து ஒருவர் எங்கேனும் அழைக்கப்படின் முதலழைப்பு அவருக்கே செல்லும் என்பதில் ஐயமில்லை.

இந்நிலையிலும் வாயில் முற்றாக மூடிவிட்டதென்று சொல்ல இயலாது. கடக்கவியலாதவை எனக் கருதப்பட்ட உரிமை வேலிகள் அண்மைக் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கப்பட்டுள்ளன. 2015 ஏப்ரல் முதல் ஒக்டோபர்த் தொடக்கம்வரை நிண்டெண்டோ ‘ஸ்மாஷ்’ களத்துக்கு யாரை அழைக்கலாம் என்று உலக இரசிகரிடம் வாக்குக் கேட்டது. அதில் முதலிடம் பெற்றவன் சோரா என்பது ஆறாண்டுகள் கழிந்தபின் அவன் களம்புகுந்த வேளையிலேயே வெளிப்படுத்தப்பட்டது. டிஸ்னி நிறுவனத்தின் உரிமை அவனைச் சூழ்ந்திருந்தமையால் நிறைவேறவே நிறைவேறாது எனப் பலரும் கைவிட்டிருந்த வேட்கை அது. 2002இல் மைக்ரோசொஃப்ட்டின் கைக்குச் சென்றுவிட்ட ரெயர் நிறுவனத்தின் பாஞ்சோ-கஸூயி இணையும் 2019இல் நிண்டெண்டோ களத்துக்குத் திரும்பியது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வேலியைத் தளர்த்தியது இரசிகர் விடாது எழுப்பிய குரலும், அக்குரலுக்குச் சந்தை மதிப்பு உண்டு என்ற கணக்குமே. தாருணின் பெயரை அவ்வாறு விடாது ஒலிக்கும் கூட்டம் இன்றுவரை திரளவில்லை.

அவர்பால் உள்ள ஒரு சாதகம் பலராலும் கவனிக்கப்படாதது. கப்கொம்முடன் ‘ஈஎக்ஸ்’ தொடர் நின்றபின் அரிக்கா நிண்டெண்டோவுக்கு நெருக்கமாயிற்று. 2007இன் ‘எண்ட்லெஸ் ஓஷன்’, 2019இன் ‘டெட்ரிஸ் 99’ ஆகியன நிண்டெண்டோவுக்காக அரிக்கா உருவாக்கியவை. ஆதலால் தாருணோ அவர்தம் தோழரோ பிறர் களமொன்றில் என்றேனும் அடியெடுத்துவைப்பின், பிறந்த வீட்டின் முற்றத்தினும் நிண்டெண்டோவின் முற்றம் அணித்தாக இருக்கக்கூடும். இது கணிப்பேயன்றி உறுதியன்று. நேர்மையாகச் சொல்வதாயின் ஸ்கலோமேனியாவுக்குச் சிறிது வாய்ப்பும், தாருணுக்கு அதனினும் மிகச் சிறிய வாய்ப்புமே உள.

இங்குதான் அல்லியின் கதை மீண்டும் பொருள்பெறுகிறது. அல்லிக்கு உடைமையாளர் இல்லை, அருச்சுனனுக்கும் இல்லை. கதை பாடிய ஒருவர் இருவரையும் ஒரே பந்தலில் நிறுத்த நினைத்தபோது அவரது நாவன்மையும் கேட்போர் விருப்பமும் போதுமானவையாயின. கீழ்க்கரை முஸ்லிம் ஊர்களிற் பயிலப்படும் சீனடி, சிலம்படி ஆகிய தற்காப்புக் கலைகளும், அண்ணாவியார் நெறிப்படுத்தும் பொல்லடியும் அத்தகைய உடைமையற்ற பொதுச் சொத்துகளே. நாளை எவரேனும் சீனடி வீரனொருவனைத் திரையில் வார்த்தால் அவன் அக்கணமே ஒரு நிறுவனத்தின் ஏட்டிற் பதியப்பட்ட பொருளாகிவிடுவான். அவனைப் படைப்பதற்கு எவரிடத்தும் இசைவு வேண்டாம். அவன் அடுத்த வீட்டுக்குச் செல்வதற்கோ இரு வீட்டாரின் கையொப்பமும் வேண்டும். பழங்களத்துக்கும் புதுக்களத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு வீரரின் ஆற்றலிலன்றி இவ்வேட்டிலேயே தங்கியுள்ளது.

தாருணைப் பொறுத்தவரை பதினேழு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப்பின் ஒரு மறுவருகை நிகழ்ந்தது. 2017 ஏப்ரல் முதலாம் நாள், முட்டாள்கள் தினப் பகிடியாக அரிக்கா தன் பழைய வீரர் மீண்டும் பொருதும் காட்சியொன்றை வெளியிட்டது. பகிடிக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு அந்நிறுவனம் அதனை மெய்யான விளையாட்டாகவே ஆக்க முற்பட்டது. 2018இல் வெளிவந்த அந்த ‘ஃபைட்டிங் ஈஎக்ஸ் லேயர்’ விளையாட்டில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற பெயரும் இல்லை, ரியூவும் இல்லை, தாருண் இருந்தார். பிறர் நிழலின்றி அரிக்காவின் குழு தனித்து நின்ற களம் அது. அங்கு விருந்தினராக வந்து சேர்ந்தவர் எஸ்.என்.கே.யின் டெர்ரி போகார்ட். அவர் 2019 நவெம்பரில் நிண்டெண்டோவின் ‘ஸ்மாஷ்’ களத்திலும், 2024இற் கப்கொம்மின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ களத்திலும் அழைப்புப் பெற்றுப் புகுந்தார். தம் வீட்டில் அவரை எதிர்கொண்டு பொருத தாருணுக்கு அவ்விரு வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை.