வேலை இவருக்கு, பதவி இன்னொருத்தருக்கு: யான் டிஸ்மாஸ் ஸெலென்காவின் கதை

இன்னைக்கு எபிசோட் 1733-ல ஆரம்பிக்குது. இடம், ஜெர்மனியில் சாக்சனி நாட்டின் தலைநகரான டிரெஸ்டன். அந்த வருஷம் பிப்ரவரி 1-ம் தேதி மன்னர் ஆகஸ்டஸ் இறந்துபோனார். அவருடைய மகன் ஆட்சிக்கு வந்தார். புது ராஜா வந்தா அரண்மனையில முதல்ல என்ன நடக்கும்? எல்லாரும் மனு போட ஆரம்பிப்பாங்க.

அந்த வருஷம் வந்த மனுக்களில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, பக்கத்து ஊரான லைப்சிக்கிலிருந்து ஜூலை 27-ம் தேதியிட்டு வந்தது. அரண்மனை இசைக்குழுவில் தனக்கு ஒரு பட்டம் வேண்டும் என்று கேட்டு, கூடவே புதிதாக எழுதிய கீரியேவையும் குளோரியாவையும் இணைத்திருந்தார் ஒருவர். அவர் பெயர் யோஹான் செபாஸ்டியன் பாக். ஆமாங்க, அதே பாக்தான். அவருக்கே பதில் வர மூணு வருஷம் ஆச்சு.

இரண்டாவது மனு, அதே அரண்மனையில் இருபது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்த ஒருவர் எழுதியது. "தேவாலய இசையை இத்தனை வருஷமா நான்தான் பார்த்துக்கறேன். தலைவர் பதவி காலியா இருக்கு. அதை எனக்குக் கொடுங்க." சுருக்கமா சொன்னா, கேட்டது இவ்வளவுதான். அவர் பெயர் யான் டிஸ்மாஸ் ஸெலென்கா. இன்னைக்கு நம்ம ஆள் இவர்தான்.

முதல்ல ஊர், பேர். ஸெலென்கா 1679-ல பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் குடியரசில், லோவ்னியோவிட்செ என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரும் அவரே. அந்தக் காலத்துப் பொஹீமியாவில் வாத்தியாரே ஊர்க் கோயிலின் இசைக்கும் பொறுப்பாளர் என்பது சாதாரணம். டிஸ்மாஸ் என்பது, இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு, கடைசி நேரத்தில் மனம் திரும்பிய "நல்ல கள்ளனின்" பெயர்.

இளம் வயதில் பிராகில் இயேசு சபையினரோடு சேர்ந்து வேலை செய்தார். 1710-ஐ ஒட்டி டிரெஸ்டன் வந்தார். வேலை என்ன தெரியுமா? இசையமைப்பாளர் இல்லை, பாடகர் குழுத் தலைவரும் இல்லை. வயலோன் வாசிக்கிறவர். இன்றைய டபுள் பேஸுக்கு முன்னோடியான பெரிய தந்தி வாத்தியம் அது. மேடையில் யார் கண்ணும் போகாத இடம். ஆனா ஒட்டுமொத்த இசையும் அது மேலதான் நிக்கும். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இப்ப டிரெஸ்டன்ல ஒரு சிக்கல். ஊர் முழுக்க லுத்தரன் புரோட்டஸ்டன்ட் மக்கள். ஆனால் ஆகஸ்டஸ் 1697-ல் கத்தோலிக்கராக மாறிவிட்டார். காரணம் பக்தியைவிட அரசியல்தான். போலந்து அரசராக வேண்டும் என்றால் கத்தோலிக்கராக இருந்தாக வேண்டும். மனைவி மாற மறுத்துவிட்டார். மக்களும் மாறவில்லை. ஆக, புரோட்டஸ்டன்ட் ஊருக்கு நடுவில் அரண்மனைக்கு மட்டும் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் தேவைப்பட்டது. புதுசா கட்டினா ஊர் கொந்தளிக்கும். அதனால அரண்மனையின் பழைய ஓப்பரா அரங்கத்தையே 1708-ல தேவாலயமா மாத்திட்டாங்க. ஸெலென்கா வாழ்நாள் முழுவதும் இசையமைத்தது இந்த மாற்றப்பட்ட அரங்கத்துக்குத்தான். இன்று டிரெஸ்டனில் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் பிரம்மாண்டமான கத்தோலிக்கத் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டது அவர் இறந்த பிறகு.

இந்தப் பின்னணி ஏன் முக்கியம்? அந்தச் சின்ன தேவாலயத்தின் இசை வெறும் வழிபாட்டுக்கானது இல்லை. "நாங்க நிஜமாவே கத்தோலிக்கர்கள்தான்" என்று வியன்னாவுக்கும் ரோமுக்கும் காட்டுவதற்கான வழியும் அதுதான். அதுக்கு நிறைய இசை வேணும். பூசைகள், சங்கீதங்கள், மன்றாட்டு மாலைகள், புனித வாரத்துக்கான பாடல்கள் என்று வருஷம் முழுக்கத் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

ஸெலென்கா இதுக்குத் தன்னைத் தயார் பண்ணிக்கிட்டார். சுமார் 1716-லிருந்து 1719 வரை வியன்னாவில் யோஹான் யோசெஃப் ஃபூக்ஸிடம் கவுன்டர்பாயின்ட் படித்தார். கவுன்டர்பாயின்ட் என்றால், பல குரல்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மெட்டோடு ஓடிக்கொண்டே, ஒன்றோடொன்று இடிக்காமல் சேர்ந்து ஒலிக்கும்படி எழுதுவது. ஃபூக்ஸ் அந்தக் கலைக்கு எழுதிய பாடநூலைப் பின்னாளில் ஹைடன் முதல் பலர் படித்தார்கள். அப்போது ஸெலென்காவுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. முப்பதைத் தாண்டினாலே "இனிமே எங்க புதுசா படிக்கிறது" என்று சொல்கிற நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கு.

திரும்பி வந்தபோது டிரெஸ்டனில் இசைக்குழுத் தலைவராக இருந்தவர் ஹைனிஷென். அவர் காசநோயாளி. அவர் உடல்நிலை மோசமாக மோசமாக, தேவாலய வேலை கொஞ்சம் கொஞ்சமாக ஸெலென்கா பக்கம் வந்து சேர்ந்தது. 1722-ல் எரேமியாவின் புலம்பல்களுக்கு இசையமைத்தார். 1723-ல் புனித வாரத்துக்கான ரெஸ்பான்சரிகளை எழுதினார். அதே வருஷம் பிராகில் பேரரசர் ஆறாம் சார்லஸ் பொஹீமிய மன்னராக முடிசூடியபோது, இயேசு சபைக் கல்லூரியில் பேரரசர் முன்னால் நடந்த இசை நாடகத்துக்கு இசை இவருடையதுதான். சொந்த நாட்டில், பேரரசர் முன்னால்! வெளி உலகத்துக்கு அவர் முகம் தெரிந்த பெரிய நாள் அது.

இன்னொன்று சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1726-ல் அவர் ஒரு பதிவேடு தொடங்கினார். தன்னிடம் இருந்த தேவாலய இசைப் பிரதிகள் எல்லாவற்றுக்கும், தன்னுடையது, மற்றவர்களுடையது என்று வரிசையாக ஒரு கையெழுத்துப் பட்டியல். நம்ம பாஷையில சொன்னா, முந்நூறு வருஷம் முன்னாடியே ஒருத்தர் உட்கார்ந்து டேட்டாபேஸ் போட்டிருக்கார். டிரெஸ்டனில் அப்போது என்னென்ன இசை கைவசம் இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பதிவேட்டைத்தான் புரட்டுகிறார்கள். அவர் வேலையை எவ்வளவு தன்னுடையதாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1729 ஜூலையில் ஹைனிஷென் இறந்தார். நாற்காலி காலி. வேலை முழுக்க ஸெலென்கா தலையில். மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களைப் பிரதி எடுக்கும் செலவைக்கூட தன் கையிலிருந்து கொடுத்ததாக மனுவில் சொல்கிறார். ஆபீஸ்ல "ஆக்டிங் லீட்" என்று ஒன்று உண்டு இல்லையா? பொறுப்பு எல்லாம் உங்களோடது, டைட்டில் மட்டும் "அப்புறம் பார்க்கலாம்". அதே நிலைமை.

ஆனா அரண்மனை வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. 1731-ல் யோஹான் அடால்ஃப் ஹாஸ்ஸெ டிரெஸ்டன் வந்தார். இத்தாலியில் ஓப்பரா எழுதிப் புகழ்பெற்ற, முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். கூட வந்தவர் மனைவி ஃபாவுஸ்தினா போர்தோனி, ஐரோப்பாவே கொண்டாடிய பாடகி. செப்டம்பரில் அவர்களின் ஓப்பரா மேடையேறியது. ஊரே மயங்கியது. தலைவர் பதவி ஹாஸ்ஸெவுக்கு. வேடிக்கை என்னன்னா, பதவி கிடைச்சதும் ஹாஸ்ஸெ இத்தாலிக்குத் திரும்பிப் போய், 1734-லதான் வந்தார். அதுவரை தேவாலயத்தில் வேலையைப் பார்த்தது யார்? சொல்லணுமா?

இந்த இடத்தில் ஸெலென்காவைப் பற்றிய பல கட்டுரைகள் "நசுக்கப்பட்ட மேதை" என்று முடித்துவிடும். அது பாதி உண்மைதான்னு நான் நினைக்கிறேன். ஹாஸ்ஸெ திறமை இல்லாதவர் இல்லை. அன்றைய ஐரோப்பாவில் மிகப் பிரபலமான ஓப்பரா இசையமைப்பாளர்களில் ஒருவர். புது அரசர் ஓப்பரா பைத்தியம். இசைக்குழுத் தலைவர் என்றால் அவருக்கு ஓப்பரா எழுதுகிறவர் என்று அர்த்தம். ஸெலென்கா முழுநீள இத்தாலிய ஓப்பரா ஒன்றுகூட எழுதியது இல்லை. அரண்மனைக்குத் தேவைப்பட்ட வேலை ஒன்று, இவர் சிறந்து விளங்கிய வேலை இன்னொன்று. 1735-ல் "தேவாலய இசையமைப்பாளர்" என்ற பட்டம் கொடுத்தார்கள். அவமானம் இல்லை. ஆனால் கேட்டதும் இல்லை.

சரி, இசைக்கு வருவோம். அவர் இசையில் அப்படி என்ன இருக்கு?

வயலோன் ஞாபகம் இருக்கா? வாழ்க்கை முழுக்கக் கீழே நின்று வாசித்தவருக்கு, கீழ்ச்சுரம் வெறும் துணை இல்லை என்று தெரியும். 1720-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ஆறு ஸொனாட்டாக்களைக் கேளுங்கள். பெரும்பாலும் மேலே இரண்டு ஓபோ, கீழே பஸூன். மற்றவர்கள் எழுதினால் பஸூன் "தும் தும்" என்று தாங்கிக்கொண்டிருக்கும். இவரிடம் அது ஓபோக்களோடு சரிசமமாக ஓடும், வாதாடும், மூச்சு விடவே இடம் கொடுக்காது. இன்றைக்கும் பஸூன் வாசிப்பவர்களுக்கு இது ஒரு பரீட்சை.

இன்னொன்று, அவருடைய சுர நகர்வுகள். காது ஒரு பக்கம் போகும் என்று நினைக்கும், அவர் அரைச்சுரம் அரைச்சுரமாக வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போவார். 1738-ல் எழுதிய மிசெரேரேவின் தொடக்கத்தைக் கேட்டால் புரியும். கருவிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே, தீராமல் தீராமல் ஏறும். "என் மேல் இரங்கும்" என்று கெஞ்சுகிற சங்கீதத்துக்கு அழகான மெட்டு போடாமல், கெஞ்சுவது எப்படி வலிக்குமோ அதையே போட்டிருக்கிறார்.

1739-ல் நீண்ட நோயிலிருந்து எழுந்து ஒரு பெரிய பூசை எழுதினார். பெயர் மிஸ்ஸா வோட்டிவா. தமிழில் இதுக்குக் கச்சிதமான வார்த்தை இருக்கு: நேர்த்திக்கடன். குணமானால் ஒரு பூசை எழுதுகிறேன் என்று வேண்டிக்கொண்டார், எழுதினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

அதற்கு அடுத்து 1740, 41-ல் அவர் செய்ததுதான் என்னை யோசிக்க வைக்குது. "கடைசிப் பூசைகள்" என்று தலைப்பிட்டு ஆறு பூசைகளின் வரிசை ஒன்றைத் திட்டமிட்டார். அதில் மூன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. வழிபாட்டில் வைத்துப் பாட முடியாத அளவு நீளமானவை, கடினமானவை. அவர் உயிரோடு இருந்தவரை பாடப்பட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை. யாரும் கேட்கல, யாரும் பணம் கொடுக்கல, அடுத்த வாரத் திருநாளுக்கான அவசரமும் இல்லை. முப்பது வருஷம் மற்றவர்கள் கேட்டதை எழுதியவர், கடைசியில் தனக்குச் சரி என்று பட்ட அளவில் எழுதினார்.

1745 டிசம்பரில் பிரஷ்யப் படைகள் டிரெஸ்டனைப் பிடித்தன. அந்தக் குழப்பத்துக்கு நடுவில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால், ஸெலென்கா இறந்தார். திருமணம் ஆகாதவர், பிள்ளைகள் இல்லை. உறுதியாக அவருடையது என்று சொல்லக்கூடிய ஓவியம் ஒன்றுகூட இல்லை.

இனிதான் திருப்பம். அரசி மரியா யோசெஃபா அவருடைய கையெழுத்துப் பிரதிகளை வாங்கிக்கொண்டார். மதித்துத்தான் வாங்கினார். ஆனால் அரண்மனை அவற்றைப் பொக்கிஷம் போலப் பூட்டி வைத்தது. வெளியே கொடுப்பது இல்லை. புகழ்பெற்ற டெலிமான் 1750-களில் ரெஸ்பான்சரிகளை அச்சிட முயன்றார், நடக்கவில்லை. அந்தக் காலத்தில் ஓர் இசை வாழ வேண்டும் என்றால் ஊர் ஊராகப் பிரதி எடுக்கப்பட வேண்டும். பிரதி இல்லையென்றால் பாடகர் இல்லை, பாடகர் இல்லையென்றால் பெயர் இல்லை. பேக்அப் பத்திரமா இருந்துச்சு, ஆனா யாருக்கும் ஆக்ஸஸ் இல்லை.

தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பாக் தன் மூத்த மகனை வைத்து ஸெலென்காவின் மாக்னிஃபிகாட் ஒன்றின் ஆமென் பகுதியைப் பிரதி எடுக்கச் சொன்னார். பாக் கடைசிக் காலத்தில் உயர்வாக மதித்தவர்கள் யார் என்று இன்னொரு மகன் 1775-ல் பட்டியலிட்டபோது, ஹாண்டல், டெலிமான், ஏன், ஹாஸ்ஸெ பெயரோடும் சேர்ந்து ஸெலென்கா பெயரும் இருந்தது. 1733-ல் ஒரே வாசலில் மனுவோடு நின்ற இருவரில் ஒருவர், இன்னொருவரைச் சரியாக எடை போட்டிருந்தார்.

1945 குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. சில பிரதிகள் காணாமல் போயின, பெரும்பகுதி தப்பியது. அதன்பின் ஸொனாட்டாக்கள் அச்சில் வந்தன. 1970-களில் ஓபோ கலைஞர் ஹைன்ஸ் ஹாலிகரின் குழு அவற்றைப் பதிவு செய்தபோதுதான் பலர் "யார்றா இவரு?" என்று திரும்பிப் பார்த்தார்கள். 1985-ல் அவர் படைப்புகளுக்கு ஒரு முழு அட்டவணை வந்தது. இன்று டிரெஸ்டன் நூலகத்தில் இருக்கும் அவர் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றை உங்க போன்லயே திறந்து பார்க்கலாம். பூட்டு திறக்க இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? முதல்ல ஸொனாட்டாக்கள், ஹெட்போன் போட்டுக்கிட்டு, பஸூனை மட்டும் பின்தொடருங்க. அப்புறம் மிசெரேரேவின் முதல் மூன்று நிமிஷம். பிடிச்சிருந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த நேர்த்திக்கடன் பூசை. எது பிடிச்சதுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.