கும்பினியார் மறைவு

ஊர்ச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மேலே பெயர், நடுவில் தோற்றமும் மறைவும், கீழே வருந்தும் குடும்பத்தார். மதுராந்தகம் வட்டாரத்தை ஏறக்குறைய நூறாண்டு ஆட்டிவைத்த ஒருவருக்கு அப்படி ஒரு தாளை யாரும் ஒட்டியதாகத் தெரியவில்லை. பெயர் கும்பினி. மரியாதையாகச் சொன்னால் கும்பினியார். 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா ராணியின் பிரகடனம் வாசிக்கப்பட்டபோது உயிர் பிரிந்தது. ஆனாலும் பங்குதாரர்களுக்குக் கணக்கு முடிக்க வேண்டியிருந்ததால் பதினைந்து வருடத்துக்கு மேல் கிடத்தி வைத்திருந்து, 1874 ஜூன் 1இல்தான் எடுத்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதுகிற அஞ்சலி அல்ல இது. அதைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. இது 'கும்பினி' என்ற தமிழ்ச் சொல்லுக்கு. கம்பெனியைக் கொச்சையாகச் சொன்னால் கும்பினி என்று நினைப்பவர்கள் உண்டு. கம்பெனி என்றால் வேலை செய்யும் இடம், முதலாளி, சம்பளம். கும்பினி என்றால் சரக்கு விற்றபடியே வரி வசூலித்து, பட்டாளம் வைத்து, நீதி சொல்லி, நாட்டை ஆண்ட ஒன்று. அந்தப் பொருளுக்கு அதற்கு முன்னும் தமிழில் சொல் இருந்ததில்லை. பின்னும் ஒன்று பிறக்கவில்லை.

பூர்வீகம் சோற்றோடு, அதாவது ரொட்டியோடு சம்பந்தப்பட்டது. லத்தீனில் ரொட்டிக்குப் 'பானிஸ்' என்று பெயர். அதன் முன்னே 'உடன்' என்று பொருள்படும் ஒட்டைச் சேர்த்து 'கம்பானியோ' என்றார்கள்: உடன் ரொட்டி தின்பவன். சீசர் காலத்து லத்தீனில் இந்தச் சொல் கிடையாது. ரோமப் பேரரசு உடைந்த பிறகு, ஃபிராங்க் இனத்தார் ஆறாம் நூற்றாண்டில் தொகுக்கத் தொடங்கிய சாலிக் சட்டத்தின் ஏடுகளில் தலைகாட்டுகிறது. ஜெர்மானியப் போர்வீரர்களின் பேச்சைப் பார்த்து வார்த்த வார்ப்பு என்பது மொழியறிஞர் கருத்து. கோத் மொழியில் 'கஹ்லைபா' என்றால் ஒரே ரொட்டியைப் பங்கிட்டவன், தோழன். கூலிப்படைக்காரர்கள் தங்கள் நட்புக்கு வைத்திருந்த பெயர், லத்தீன் உடை போட்டுக்கொண்டது.

இதில் நமக்கு வியப்பு ஒன்றுமில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னவர்கள் நாம். துரோகத்துக்கு நாம் வைத்திருக்கும் கடுமையான பெயரே உண்ட வீட்டுக்கு இரண்டகம். உணவைப் பங்கிட்டால் உறவு பிறக்கிறது என்பது இந்தச் சொல்லின் சாதகத்தில் முதல் கட்டம்.

பிள்ளைகள் பல தேசங்களில் பிரிந்து வளர்ந்தார்கள். பிரெஞ்சில் 'கொம்பஞோன்' தொழில் பழகும் கைவினைஞன் ஆனான். அவன் தம்பி 'கொப்பேன்' இன்றும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன்தான். ஸ்பானிய 'கொம்பஞேரோ' அரசியல் மேடையில் தோழர் ஆனான். ஜெர்மன் 'கும்பெல்' நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, கூட வேலை செய்பவன் என்று பெயர் வாங்கினான். ஒரு கிளை கப்பல் ஏறியது. இத்தாலிய மாலுமிகள் கப்பலின் உணவுக் கிடங்கை 'கொம்பாஞா' அறை என்றார்கள். அந்தச் சொல் டச்சுக்காரர் வாயில் கப்பலின் பின்மேல்தளத்தைக் குறித்து, ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது தளத்திலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டாக முடிந்தது. ரொட்டி படிக்கட்டான கதை.

நம் கதாநாயகர் பிறந்தது வேறு கிளையில். இத்தாலிய நகரங்களில் ஒரே குடும்பத்தார் பொது முதல் போட்டு வியாபாரம் செய்தார்கள். அந்தக் கூட்டுக்குக் 'கொம்பஞீயா' என்று பெயர். பிறகு வெளியாரும் பங்கு போட்டார்கள். ஃபிளாரன்சின் பார்தி, பெரூஸி என்ற இரண்டு கூட்டுகள் இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்டுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பெருத்தன. கொடுத்த கடன் திரும்பாமல் 1340களில் இரண்டும் நொடித்தன. ஏறக்குறைய அதே காலத்தில் அதே இத்தாலியில், கூலிக்குப் போரிடும் ஆயுதக் கும்பல்களுக்கும் அதே பெயர் வழங்கியது. பின்னாளில் அது ராணுவத்தில் ஒரு பிரிவின் பெயராக நிலைத்தது. ஆக, கடைக்கும் பட்டாளத்துக்கும் ஒரே பெயர். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஐரோப்பா அதுவரை பார்த்ததில்லை. அதைப் பார்க்கக் கிடைத்தவர்களில் நம் கடற்கரைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

கோவளத்திலிருந்து ஆலம்பரை வரை கடலோரமாக எழுபது கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் ஒரே சொல்லின் நான்கு வாரிசுகள் கடை விரித்தார்கள். கோவளத்தில் ஆஸ்டெண்டுக் கும்பினி: இன்றைய பெல்ஜியத்துத் துறைமுகத்துக்காரர்கள், ஆஸ்திரியாவை ஆண்ட புனித ரோமப் பேரரசரின் 1722ஆம் வருடத்துச் சாசனத்தோடு வியாபாரம் செய்தவர்கள். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் நெருக்கியதில் 1727இல் சாசனம் நிறுத்தப்பட்டு, 1731இல் கடை மூடியது. சதுரங்கப்பட்டினத்தில் 1602இல் தொடங்கிய டச்சுக் கும்பினி. அவர்கள் 'சத்ராஸ்' என்று அழைத்த அந்த ஊரிலிருந்து மெல்லிய துணி கப்பல் ஏறியது. கோட்டைக்குள் அவர்கள் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். ஆலம்பரையில் பிரெஞ்சுக் கும்பினி. 1750இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் அந்தக் கோட்டையைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுத்தார். பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். நாலாவது ஆங்கிலக் கும்பினி, உள்நாட்டில் செங்கல்பட்டுக் கோட்டையில். 1752இல் அதன் தளபதி கிளைவ் கோவளத்தையும் செங்கல்பட்டையும் ஒரே படையெடுப்பில் கைப்பற்றினார். ஒரே ரொட்டியைத் தின்றவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்ட நால்வரும் ஒருவர் இலையில் ஒருவர் கை வைத்தே காலம் தள்ளினார்கள்.

தமிழ் வாயில் இந்தச் சொல் விழுந்த விதம் சுவையானது. கும்பனி, கும்பினி, கும்பெனி என்று எழுத்து பலவிதமாக அலைந்தாலும் முதல் எழுத்து 'கு'வாக நின்றது. தெலுங்கிலும் 'கு'தான். மலையாளத்தில் 'கும்பஞ்ஞி'. இந்தக் 'கு'வும் 'ஞி'யும் ஆங்கில உச்சரிப்பைவிட, முன்னதாக வந்த போர்ச்சுகீசியரின் 'கொம்பாஞியா'வுக்கே நெருக்கம். அதற்குப் பிறகு தமிழ் தன் வேலையைக் காட்டியது. ஒரு வியாபாரக் கூட்டுக்கு 'ஆர்' விகுதி போட்டுக் கும்பினியார் ஆக்கியது. லண்டன் லெடன்ஹால் தெருவில் கணக்கு பார்க்கும் இயக்குநர்கள் ஓர் ஆளாக இங்கே எழுந்து நின்றார்கள். கும்பினி சர்க்கார், கும்பினித் துரை, கும்பினிப் பட்டாளம், கும்பினி ரூபாய் என்று குடும்பம் பெருகியது. தெற்கே கட்டபொம்மன் கதைப்பாடல்களில் கும்பினி எதிரியின் பெயர். ஊருக்கு ஊர் உணர்ச்சி மாறியது. மரியாதையும் வசையும் ஒரே பெயரில் குடியிருந்தன.

மதுராந்தகத்துக்கு வருவோம். 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, ஆங்கிலக் கும்பினியிடம் தான் பட்ட கடனுக்கும் அது செய்த உதவிக்கும் ஈடாகச் சென்னையைச் சுற்றிய நிலப்பரப்பை, வரி வசூலிக்கும் உரிமையோடு, அதற்கு ஜாகீராகக் கொடுத்தார். பின்னாளில் செங்கல்பட்டு ஜில்லா ஆனது இதுதான். முதலில் நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்த கும்பினி, 1780இல் ஹைதர் அலியின் படை ஊர்களைச் சூறையாடிய பிறகு நேரடி நிர்வாகத்தில் இறங்கியது. 1794இலிருந்து 1798 வரை லியோனல் பிளேஸ் ஜாகீரின் கலெக்டர். ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் முனைப்பாக இருந்தவர். அதில் தர்மசிந்தனை எவ்வளவோ, கணக்கும் அவ்வளவு: ஏரியில் நீர் இல்லாவிட்டால் வயலில் நெல் இல்லை, நெல் இல்லாவிட்டால் கும்பினிக்கு வாரம் இல்லை.

மதுராந்தகம் பெரிய ஏரியின் கரை மழைக்கு மழை உடைந்துகொண்டிருந்தது. அதையொட்டிய கதையை ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஊர்க் கோதண்டராமர் கோயிலில் தாயார் சந்நிதி கட்டப் பணம் கேட்டவர்களிடம், உங்கள் சாமி கரையைக் காப்பாற்றட்டும் பார்க்கலாம் என்றாராம் பிளேஸ். அடைமழை இரவில் கரைக்குப் போனவர், வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டாராம். கோதண்டராமர் ஏரி காத்த ராமர் ஆனது இப்படி. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் உள்ள கல்லெழுத்து கதை அல்ல. அந்தத் தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையுடையது என்று அது சொல்கிறது. ஃபிராங்க் வீரர்களின் ரொட்டித் தோழமையில் பிறந்த சொல், ஒரு தாயார் சந்நிதியில் கல்லில் ஏறியிருக்கிறது. அரசாங்க ஏடுகளில் ஆயிரம் முறை எழுதப்பட்ட பெயர்தான். ஆனால் பக்தர்கள் தினமும் கடந்துபோகும் இடத்தில், தமிழ் உருவிலேயே, வாசிக்கக் கிடைப்பது அபூர்வம்.

இரங்கல் என்பதால் குறையைச் சொல்லாமல் விட முடியாது. 1767இலிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கும்பினிப் பொறியாளர் ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். காந்தியரான தரம்பால் அந்த ஏடுகளைப் பொதுக் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகு, அவை செங்கல்பட்டு ஆவணங்கள் என்று பேர் பெற்றன. அவற்றில் தெரிவது ஒரு பங்கீட்டு முறை. களத்துமேட்டில் குவித்த நெல்லிலிருந்து கொல்லன், தச்சன், வண்ணான், வெட்டியான், கணக்குப்பிள்ளை, கோயில், குளம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கை, மேரையும் சுவந்திரமுமாக, அளந்த பிறகே அரசுக்கு மேல்வாரமும் உழவருக்குக் குடிவாரமும் பிரிந்தன. இதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டாம். பங்கு சாதிப்படிதான் இருந்தது. நாற்று நட்டு அறுத்தவர்களுக்குக் கடைசிப் பங்கும் கடுமையான அடிமைத்தனமும்தான் கிடைத்தன. ஆனாலும் ஒரே குவியலில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற எண்ணம் அந்தக் களத்தில் இருந்தது. கும்பினியின் கண்ணில் அந்த உரிமைகள் வருவாயைத் தின்னும் கழிவுகளாகப் பட்டன. ஒவ்வொன்றாகக் கணக்கெழுதி, வெட்டி, நிலவரியைத் தனி ஆளிடம் ரூபாயாக வாங்கும் ரயத்துவாரிக்கு வந்து சேர்ந்தது. பங்கிட்டு உண்பவர்கள் என்று தன் பெயரில் எழுதி வைத்திருந்த ஒன்று, பங்கிடும் களத்தை வந்து கலைத்தது. அந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன என்று இங்கே யாருக்கும் தெரியாது. வைத்தவர்களுக்கும் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒவ்வொரு கும்பினியாகச் சாய்ந்தது. டச்சுக் கும்பினி கடனில் மூழ்கி 1799 கடைசி நாளோடு முடிந்தது. சதுரங்கப்பட்டினம் 1825இல் ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக் கும்பினி புரட்சிக் காலத்தில் கலைந்தது. மிஞ்சிய ஆங்கிலக் கும்பினிக்கு 1813இல் இந்திய வியாபார ஏகபோகம் போயிற்று, 1833இல் வியாபாரமே நின்றது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களை வைத்திருந்த, சரக்கு விற்காத கடை அது. 1857 கிளர்ச்சி மீதியை முடித்தது. 1835இலிருந்து ரூபாயில் பொறித்திருந்த கும்பினியின் பெயர் 1862இல் இல்லை. துட்டில் பெயர் போனால் வாயில் பெயர் நிற்காது. தாத்தாக்கள் இன்னும் கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேரன்கள் கவர்மெண்டு என்றார்கள்.

வருந்தும் குடும்பத்தாரில் மூத்தவர் கம்பெனி. இவர் பெரியவரின் மகன் அல்ல. இங்கிலீஷ் படிப்போடு வேறு வாசல் வழியாக வந்த தூரத்துச் சொந்தம். அதிகாரம் இல்லாத சாது. நாடகக் கம்பெனி நடத்தினார், சினிமாக் கம்பெனி வைத்தார். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியாக எழுந்து வெள்ளைக்காரரையே எதிர்த்தார். அதை நடத்தியவரின் பெயரெழுத்து வ.உ.சி.; சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கும்பினியின் முத்திரையும் வி.ஓ.சி. இரண்டையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் வித்தியாசம் தெரியாது. சரித்திரம் சில நேரம் இப்படிச் சிரிக்கும். இன்று மறைமலைநகருக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். கம்பெனிக்குப் போகிறான் என்றால் பெண் வீட்டார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இன்னொரு சொந்தம் கடல் கடந்து இருக்கிறது. ஈழத்தில் ரொட்டிக்குப் பெயர் பாண். போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். அதே லத்தீன் பானிஸின் நேர் வாரிசு. மும்பையிலிருந்து நம் தள்ளுவண்டிகளுக்கு வந்திருக்கும் பாவ் பாஜியின் பாவும் அதுதான். பக்கத்து வண்டியின் பானிபூரிக்கு இந்தக் குடும்பத்தில் பங்கு இல்லை, அது தண்ணீர்.

கடைசி வாரிசு கொஞ்சம் போக்கிரி. ஒருவன் தனியாக டீ குடிக்கவோ வேறு ஏதாவது குடிக்கவோ கிளம்பும்போது, சிநேகிதனைப் பார்த்து 'கம்பெனி குடு மச்சி' என்கிறான். பசி இல்லாவிட்டாலும் கூட உட்கார், என் தட்டிலிருந்து ஒரு வாய் எடு என்று பொருள். ஆயிரத்து ஐந்நூறு வருடம் வியாபாரியாகவும் கூலிப்படையாகவும் ஜாகீர்தாராகவும் வேஷம் போட்ட சொல், எந்தப் பண்டிதரும் சொல்லிக் கொடுக்காமல், பிறந்த பொருளுக்கே திரும்பியிருக்கிறது. கும்பினி சம்பாதித்ததில் இது ஒன்றுதான் யாரிடமும் பிடுங்காதது.

கும்பினியாருக்குக் கண்ணீர் வேண்டியதில்லை. ஆனால் பெயரை அகராதியிலிருந்து எடுத்துவிட வேண்டாம். விற்பவனே விதி எழுதுகிற, கடன் கொடுத்தவனே வரி வாங்குகிற ஏற்பாடு மறுபடி எங்காவது தலைதூக்கினால், அதை முதலாளி என்றும் சொல்ல முடியாது, அரசாங்கம் என்றும் சொல்ல முடியாது. அன்றைக்குச் சொல் தேடி அலைய வேண்டாம். அனுபவித்து உண்டாக்கிய ஒன்று தமிழில் இருக்கிறது.