குனிந்து நுழையும் பலசாலிகள்: ஈரானியப் பயில்வான் மரபு

ஈரானின் பழைய நகரங்களில் உடல் வலிமைக்கென்றே அமைந்த கூடத்துக்கு ஜூர்கானே என்று பெயர். அதன் வாசல் தாழ்வானது. எப்பேர்ப்பட்ட பலசாலியும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நடுவில் எண்கோண வடிவில் ஒரு குழி. பயில்வான்கள் அதில் இறங்கிப் பயிற்சி செய்ய, பார்வையாளர்கள் மேலே சுற்றி அமர்ந்திருப்பார்கள். மேடையிலிருந்து முர்ஷித் எனப்படும் ஆசான் மேளம் தட்டி, மணி அடித்துப் பாரசீகக் கவிதைகளைப் பாடுவார். அந்தத் தாளத்துக்குப் பெரிய கர்லாக்கட்டைகள் சுழலும். சங்கிலி கோத்த இரும்பு வில் தலைக்கு மேல் ஆடும். கேடயம் போன்ற கனத்த மரப்பலகைகளைப் படுத்தபடியே தூக்குவார்கள். கதை, வில், கேடயம் என்ற போர்க்கருவிகளின் சாயல் இவற்றில் தெளிவாகவே தெரிகிறது. கடைசியில் மல்யுத்தம்.

இந்த வழக்கத்தை இஸ்லாத்துக்கு முந்தைய மித்ர வழிபாட்டோடு இணைப்போர் உண்டு. அதற்கான சான்று மெலிந்தது. பயில்வானுக்கு முன்மாதிரியானவர்கள் இருவர். ஒருவர் 1010-ஆம் ஆண்டளவில் ஃபிர்தௌசி முடித்த ஷாநாமா காவியத்தின் நாயகன் ருஸ்தம். மற்றவர் கைபர் கோட்டைக் கதவைப் பெயர்த்தவராகப் போற்றப்படும் இமாம் அலி. 1501-இல் சஃபவி அரசு ஷியா நெறியை அரச சமயமாக்கிய பிறகு, குழிக்குள் அலியின் பெயர் ஓங்கி ஒலித்தது.

வலிமைக்கு அறம் தந்தவர் என்று மரபு கொண்டாடுவது பூர்யா-யே வலீயை. 1322 வாக்கில் மறைந்த இந்தச் சூஃபிக் கவிஞர் குவாரஸ்மில் வாழ்ந்தவர். அவரது அடக்கத்தலம் இன்றைய உஸ்பெகிஸ்தானின் கீவா நகரில் இருக்கிறது. தன்னோடு மோதவிருந்த இளைஞனின் தாய், மகன் வெல்ல வேண்டுமென்று அழுது தொழுததைக் கேட்டு, மறுநாள் அவர் வேண்டுமென்றே தோற்றாராம். தோற்றவனையே தலைமைப் பயில்வானாகப் போற்றும் இக்கதைதான் இம்மரபின் உயிர்நாடி.

அரண்மனையும் பயில்வான்களை விடவில்லை. காஜார் மன்னர் நாசிருத்தீன் ஷா (1848–1896) அவர்களை ஆதரித்தார். நாட்டின் தலைமைப் பயில்வானுக்கு அரசர் கையால் தோள்வளை கிடைத்தது. ஆனால் தெருவில் அதே வலிமைக்கு வேறு விலை இருந்தது. சந்தைகளிலும் பேட்டைகளிலும் ஏழைகளுக்குக் காவலாக நின்றவர்களும், அவர்களை மிரட்டிப் பிழைத்த அடியாட்களும் ஒரே குழியில் பயின்றார்கள்.

1953-இல் இந்த முரண் அரசியலில் வெடித்தது. பிரதமர் முசாதிக்கைக் கவிழ்த்த ஆகஸ்ட் 19 கலகத்தில் தெற்குத் தெஹ்ரானின் முரடர்கள் கூட்டம் திரட்டினார்கள். அவர்களில் பேர்பெற்றவர் ஷாபான் ஜாஃபரி. அன்று காலையில் சிறையில் இருந்த அவர், பிற்பகலில் வெளியே வந்து மன்னர் ஷாவின் ஆதரவாளர்களோடு சேர்ந்துகொண்டார். பின்னர் ஷாவின் ஆதரவில் பெரிய ஜூர்கானே ஒன்றை நடத்தினார். அதே கலகத்தில் ஷாவுக்காக நின்ற காய்கறிச் சந்தைத் தலைவர் தய்யிப் ஹாஜ் ரிஸாயியின் வழி திரும்பியது. ஷாவை எதிர்த்த சமயத் தலைவர் கோமேனி கைதானதைக் கண்டித்து 1963 ஜூனில் எழுந்த கிளர்ச்சியில் குற்றம் சாட்டப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கர்பலாவில் எதிரிப் படையிலிருந்து இமாம் ஹுசைன் பக்கம் வந்து உயிர்விட்ட ஹுர்ரோடு அவரை ஒப்பிட்டார்கள்.

இவர்களுக்கு நேர் எதிரே நிற்பவர் மல்யுத்த வீரர் குலாம்ரிஸா தக்தி. 1930-இல் தெற்குத் தெஹ்ரானின் ஏழைப் பகுதியான கானியாபாதில் பிறந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம். 1952-லும் 1960-லும் வெள்ளி. 1959, 1961 உலகப் போட்டிகளில் தங்கம். இத்தனை பதக்கங்களையும் தாண்டி மக்கள் நினைவில் நின்றது வேறொன்று. சோவியத் வீரர் மெத்வேத் முழங்காலில் அடிபட்டிருந்ததை அறிந்து, தக்தி அந்தக் காலைத் தொடாமலேயே மோதினார் என்று சொல்வார்கள். 1962-இல் புயீன் ஸஹ்ரா நிலநடுக்கம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, தெஹ்ரான் தெருக்களில் நடந்து நிவாரணம் திரட்டினார். முசாதிக் வழி வந்த தேசிய முன்னணியின் பக்கம் நின்றதால் அரசுக்கு ஆகாதவரானார். 1968 ஜனவரி 7 அன்று தெஹ்ரான் ஹோட்டல் அறை ஒன்றில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு. மக்களில் பெரும்பகுதியினர் அதை நம்பவில்லை. ரய் நகரில் உள்ள அவரது கல்லறையில் ஆண்டுதோறும் கூட்டம் கூடுகிறது.

1979 புரட்சிக்குப் பின் ஜூர்கானே வாழ்த்துகளிலிருந்து ஷாவின் பெயர் போனது. இமாம்களின் பெயர்கள் மேலும் முன்னுக்கு வந்தன. நாட்டைவிட்டுப் போன ஜாஃபரி, 1953 கலகத்தின் 53-ஆம் ஆண்டு நாளான 2006 ஆகஸ்ட் 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். 2010-இல் யுனெஸ்கோ இம்மரபை மானுடத்தின் புலப்படாப் பண்பாட்டுச் சொத்துகளில் சேர்த்தது. ஒலிம்பிக்கில் ஈரானுக்கு மிக அதிகப் பதக்கங்களைத் தந்த விளையாட்டு இன்றும் மல்யுத்தமே.