இரும்புக் கை வளர்ந்த வரலாறு

மனிதன் தன் உழைப்பைப் பொறியிடம் ஒப்படைக்க முயன்ற வரலாறு மிக நெடியது. நீராவி எஞ்சின் அவனது தோளின் பாரத்தை இறக்கியது. விசைத்தறி அவனது விரலின் வேலையை ஏற்றது. ஆயினும், ஒரு பொருளை எடுத்து, திருப்பி, மற்றோரிடத்தில் வைக்கும் எளிய கைவேலை மட்டும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மனிதனிடமே தங்கியிருந்தது. அதனையும் ஏற்றுக்கொண்ட இரும்புக் கை எவ்வாறு பிறந்தது, யாருடைய பணத்தில் வளர்ந்தது, அதன் பலன் யாரைச் சேர்ந்தது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு நம் காலனியில் இன்று அவசியமும் உண்டு. ஓய்வு பெறுவோரின் சேமநிதிப் பணத்தை நாடி, 'ரோபோ கம்பெனியில் பங்கு வாங்குங்கள்; எதிர்காலமே அதில்தான்' என்னும் அழைப்புகள் கைப்பேசி வழியே வந்த வண்ணம் உள்ளன. அதே இல்லத்தில் பிள்ளையோ, 'தொழிற்சாலையில் எனக்கு வேலை மிஞ்சுமா?' என்று வினவுகிறான். இவ்விரு வினாக்களுக்கும் ஒரே வரலாறு விடை பகர்கிறது.

'ரோபோ' என்னும் சொல் தொழிற்சாலையில் பிறந்ததன்று. நாடக மேடையில் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் அது முதன்முதல் இடம் பெற்றது. அச்சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனார் யோசெப். கூலியின்றிச் செய்யும் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் 'ரோபோட்டா' என்பதே அதன் மூலம். நம் முன்னோர் 'வெட்டி' என்று வழங்கியதும் இத்தகைய ஊழியத்தையே.

மேடையில் கண்ட கனவைப் பட்டறைக்குக் கொணர்ந்தவர் அமெரிக்கர் ஜார்ஜ் டெவல். அவர் கல்லூரிப் படிப்புப் படித்தவரல்லர். எனினும் பல புதுக் கருவிகளைக் கண்டவர். கட்டளைகளை நினைவில் கொண்டு பொருள்களை இடம் மாற்றும் ஒரு பொறிக்கு 1954இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1961இல் அது கிடைத்தது. இதற்கிடையே 1956இல் ஒரு விருந்தில் ஜோசப் எங்கல்பெர்கர் என்னும் பொறியாளரைச் சந்தித்தார். ஒருவரிடம் கருத்து இருந்தது. மற்றவரிடம் அதை விற்கும் ஊக்கம் இருந்தது. இருவரிடமும் இல்லாதது பணம்.

பணம் தந்தவர் யார்? ஒன்று, காண்டெக் என்னும் நிறுவனம். மற்றொன்று, ரயில்வே ஊழியரான நமக்கு நன்கு அறிமுகமான பெயர். உறங்கும் வசதியுள்ள ரயில் பெட்டிகளால் உலகப் புகழ் பெற்ற புல்மன். இவ்விரண்டின் முதலீட்டில் 1962இல் யூனிமேஷன் என்னும் கம்பெனி கனெக்டிகட் மாநிலத்தில் உருப்பெற்றது.

அதன் பொறியாகிய யூனிமேட், அதற்கு முந்திய ஆண்டிலேயே நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்படத் தொழிற்சாலையில் பணியேற்றிருந்தது. ஏறத்தாழ 1,800 கிலோ எடை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒற்றைக் கை. செய்ய வேண்டியவற்றைப் பதிந்து வைக்க ஒரு காந்த உருளை. அச்சிலிருந்து வெளிவரும் கொதிக்கும் உலோகப் பாகங்களை எடுத்து அகற்றுவதே அதன் தொழில். அனலிலும் புகையிலும் நின்று மனிதர் செய்த ஆபத்தான வேலை அது.

தொழில்நுட்பம் வென்றது, பணமோ உடனே திரும்பவில்லை. யூனிமேஷன் முதன்முதல் இலாபம் கண்டது 1975இல்தான்! 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பது நம் பழமொழி. பதின்மூன்று ஆண்டுகள் நட்டத்தைத் தாங்குதல் பெரிய நிறுவனங்களுக்கு இயலும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இயலுமா?

பின்னர் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. 1983இல் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் பெருநிறுவனம் 10 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து யூனிமேஷனை வாங்கிற்று. அப்பொழுதே எண்ணெய் அழுத்தக் கைகளின் இடத்தை மின்மோட்டார்க் கைகள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. பெரிய வாடிக்கையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் 1982இலேயே ஜப்பானின் ஃபானுக்குடன் கூட்டுச் சேர்ந்து தானே ரோபோத் தொழிலில் இறங்கிவிட்டது. 1980களின் இறுதியில், நெசவு இயந்திரங்களுக்குப் பேர்போன ஸ்டாப்லி நிறுவனத்திடம் யூனிமேஷன் கைமாறியது. உலகுக்கு ரோபோ தந்த கம்பெனி தனித்து நிலைக்கவில்லை, ரோபோவோ நிலைத்தது. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகத் தொழிற்சாலைகளில் இயங்குபவை 42 லட்சத்துக்கும் மேல்.

இதிலிருந்து பெறும் முதற்பாடம் யாதெனில், ஒரு தொழிலுக்கு எதிர்காலம் உண்டு என்பது வேறு; அத்தொழில் செய்யும் ஒரு கம்பெனிக்கு எதிர்காலம் உண்டு என்பது வேறு. அழைப்பு விடுப்போர் முன்னதைக் காட்டிப் பின்னதை விற்கின்றனர். அன்றியும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கை வேண்டியபோது விற்க முடியாது. மகளின் திருமணமோ, வைத்தியச் செலவோ அக்கம்பெனியின் இலாபத்துக்காகக் காத்திராது.

இனி, தொழிலாளர் நிலை. ஓஹையோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் கார் தொழிற்சாலையில் 1970ஐ ஒட்டி யூனிமேட் கைகள் பற்றவைப்பு வேலையை ஏற்றன. மணிக்கு நூறு கார் என்பது நிர்வாகத்தின் குறி. ஆட்களைக் குறைத்து, எஞ்சியோரின் வேகத்தைக் கூட்டினர். 1972 மார்ச்சில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. இரும்புக் கையின் மீது அன்று எழுந்த சினமன்று அது. இரும்புக் கையின் வேகத்துக்கு மனிதக் கையும் ஓடவேண்டும் என்ற கட்டளையின் மீது எழுந்தது.

ஜப்பானில் நிலை வேறு. ஆட்பற்றாக்குறை நிலவிய அந்நாட்டில் கவாசாகி நிறுவனம் 1968இல் யூனிமேஷனுடன் ஒப்பந்தம் செய்து, மறு ஆண்டே ரோபோ செய்யத் தொடங்கியது. பெரிய தொழிற்சாலைகளில் நிரந்தர ஊழியரை வெளியேற்றாது வேறு பணிக்குப் பழக்கும் வழக்கம் இருந்தமையால் எதிர்ப்பு அவ்வளவாக எழவில்லை. பொறி ஒன்றே, அதைக் கையாண்ட முறையே வேறு.

நம் துறையிலும் 1980களின் நடுவில் டில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியபோது, பேரேடு புரட்டிய எழுத்தர்கள் திரையின் முன் அமரப் பழக வேண்டியிருந்தது. பயிற்சியின்றி மாற்றம் வந்தால் அது இடி; பயிற்சியோடு வந்தால் அது மழை.

ஆகவே, நம் குடும்பத்தார்க்கு நாம் கூற விரும்புவது இது: இரும்புக் கையைக் கண்டு அஞ்சவும் வேண்டா, அதன் பெயரால் விரிக்கப்படும் வலையில் வாழ்நாள் சேமிப்பை இழக்கவும் வேண்டா. அக்கையைப் பொருத்தவும், பழுது பார்க்கவும், அதற்கு வேலை கற்பிக்கவும் மனிதன் தேவை. ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் நம் பிள்ளைகள் அதனைக் கற்கச் செலவிடும் பணமே, நமக்குக் கைகூடும் நல்ல முதலீடு. அதன் வட்டியைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஈட்டிக்கொள்வர்.